மண்ணில் உறங்கும் மீன்

புக்கிட் மெர்தாஜாம் வட்டார வாய்க்கால்களில் நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் சிறு மீன் ஒன்றுண்டு. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும். மலாய்க்காரர் அதனைக் ‘கெப்பாலா தீமா’, அதாவது ‘ஈயத்தலை’ என்பர். மழைக்குக் குறைவில்லாத இந்நாட்டில் அது நீர்ச்செடிகளில் முட்டையிட்டுக் கவலையின்றி வாழ்கிறது. ஆனால் அதன் தூரத்து உறவினர் சிலருக்கு அந்த வசதி இல்லை.

பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ நகரை அடுத்த காடுகளில், மழைக்காலத்தில் மட்டும் மரநிழலில் குட்டைகள் தேங்கும். அவற்றில் வாழ்வது நோத்தோலெபியாஸ் மினிமஸ். 1942இல் அமெரிக்க மீனியல் அறிஞர் ஜார்ஜ் மையர்ஸ் இதனை உலகுக்கு அறிவித்தார். இத்தகையனவற்றிற்கு 1952இல் ‘ஆண்டு மீன்கள்’ என்று பெயரிட்டவரும் அவரே.

குட்டை வற்றியதும் பெரிய மீன்கள் யாவும் மடியும். முட்டைகளோ சேற்றில் தங்கும். கருவின் வளர்ச்சி இடையிடையே நின்று மாதக்கணக்கில் உறங்கும். அடுத்த மழையில் குஞ்சு வெளிவரும். பின்பு ஒரே அவசரம்! இவ்வினத்தின் ஆப்பிரிக்க உறவான நோத்தோபிராங்கியஸ் பர்செரி, பொரித்த 14 நாட்களிலேயே முட்டையிடும் பருவம் எய்துவதை மொசாம்பிக்கில் கண்டு 2018இல் வெளியிட்டனர்.

இதில் வியப்பு, முட்டைகள் அனைத்தும் முதல் மழைக்கே பொரிந்துவிடுவதில்லை என்பதுதான். சில மேலும் உறங்கும். பெய்த மழை ஏமாற்றிவிட்டால் வமிசம் அழியாதிருக்க வேண்டுமல்லவா? கையிலுள்ள விதைநெல் முழுவதையும் ஒரே மழையை நம்பி விதைக்காத குடியானவனின் கணக்கு அது.

வறட்சியை வென்ற இம்மீனுக்கு மண்வெட்டியை வெல்ல வழியில்லை. கோடையில் அக்குட்டையைப் பார்வையிடுபவர் காண்பது சருகும் காய்ந்த சேறுமே. தண்ணீரே இல்லாத இடத்தில் மீன் ஏது என்று எண்ணி மண்கொட்டி மேடாக்கிவிட்டால், ஓரினத்தின் அடுத்த தலைமுறையே புதைகிறது. குட்டையை ஆழப்படுத்தி வற்றாத குளமாக்குவதும் நன்மையன்று. வேட்டையாடும் பெரிய மீன்கள் அங்கே குடியேறிவிடும்.

பிரேசில் அரசு 2014இல் வெளியிட்ட ஆபத்துக்குள்ளான நீர்வாழ் இனங்களின் பட்டியலில், இக்குடும்பத்து மீன்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் பல, விரல்விட்டு எண்ணக்கூடிய சில குட்டைகளுக்கு வெளியே எங்கும் இல்லாதவை. மினிமஸ் மீனின் புகலிடங்களுள் ஒன்று செரோபெடிக்கா நகரத்து மாரியோ சவியேர் தேசியக் காடு. அதன் நடுவே இப்போது ஒரு நெடுஞ்சாலை செல்கிறது.