பெயர் மயக்கமும் கணினி மொழிகளும்

ஒரு பெயர் ஒரு பொருளை மட்டும் சுட்டி நிற்கும் என்பது இலக்கணத்திலும் இல்லை. உலக வழக்கிலும் இல்லை. ‘மாலை’ என்னும் சொல் பொழுதையும் குறிக்கும்; பூமாலையையும் குறிக்கும். ‘மாலை சூடினாள்’ என்றால் மயக்கம் இல்லை. ‘மாலை வந்தது’ என்று திருவிழா நாளில் ஒருவர் சொன்னால் கேட்பவர் சற்றுத் தயங்கவே செய்வார். தோட்டப்புறத்தில் ஒரே லயத்தில் மூன்று முனியாண்டிகள் இருப்பதுண்டு. மேட்டு வீட்டு முனியாண்டி, ஆற்றோர முனியாண்டி என்று அடைகொடுத்து அழைத்துச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வர். பள்ளிப் பதிவேட்டிலோ தந்தையின் பெயர் வந்து துணைநிற்கிறது.

கணினிக்கு மொழி வகுத்தவர்களையும் இதே இடர் விடவில்லை. ஒரு மொழிக்குள் பெயர்களை ஒழுங்குசெய்வது எளிது. ஒரு மொழி மற்றொரு மொழியின் பொருள்களை எடுத்தாளப் புகும்போதுதான் மயக்கம் மிகுகிறது. மதிப்பெண் பட்டியலுக்கும் வயதுக் கணக்கிற்கும் தாமே சிறு நிரல்கள் எழுதிக்கொள்ளும் ஆசிரியர்கள் இன்று நம்மிடையே உளர். ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

ஜாவா என்பது தொகுக்கப்படும் மொழி. அதில் எழுதிய நிரல் முழுவதும் முன்கூட்டியே ஆராயப்பட்டு, பொறிக்கேற்ற வடிவில் கட்டப்பட்ட பின்னரே இயங்கும். அதன் அடிப்படை அலகிற்கு ‘வகுப்பு’ என்று பெயர். (நம் வகுப்பறையோடு இதனைச் சேர்த்து மயங்கற்க! பெயர் மயக்கம் பற்றிய கட்டுரையில் முதல் மயக்கமே இதுதான்.) ஜாவாஸ்கிரிப்ட் என்பதோ ஸ்கிரிப்ட் மொழி. எழுதியவுடன் இயக்கிப் பார்க்கலாம். இரண்டும் 1995-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிமுகமானவை. பெயரளவில் உடன்பிறப்புகள்போல் தோன்றினும் இயல்பால் வேறானவை. ஜாவாவில் ஏற்கெனவே கட்டிவைத்த வகுப்புகளை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து எடுத்தாள ‘ரைனோ’ என்னும் இயக்கி 1997-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தொடங்கப்பெற்றது. 2006-இல் வந்த ஜாவாவின் ஆறாம் பதிப்பிலேயே அது சேர்த்து வழங்கப்பட்டது.

இங்கே முதல் மோதல் எழுகிறது. ஜாவாவிலும் ‘டேட்’ உண்டு. ஜாவாஸ்கிரிப்டிலும் ‘டேட்’ உண்டு. ‘ஸ்ட்ரிங்’, ‘ஆப்ஜெக்ட்’, ‘மேத்’, ‘பூலியன்’, ‘நம்பர்’ ஆகியனவும் அவ்வாறே இரு பக்கமும் உள்ளன. ஜாவா தன் அடிப்படைத் தொகுதியாகிய ‘ஜாவா.லாங்’ என்பதை எந்த நிரலிலும் தானாகவே சேர்த்துக்கொள்ளும். ரைனோ அவ்வாறு சேர்ப்பதில்லை; சேர்த்தால் இந்த ஐந்து பெயர்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதே காரணம். இது நல்ல முடிவென்றே சொல்வேன்.

பெயர்தானே மோதுகிறது, பொருள் ஒன்றுதானே என்று சிலர் எண்ணக்கூடும். அன்று. ஒரு மாணவன் பிறந்தது 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் என்று கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டின் டேட்டிடம் 2017, 2, 1 என்று மூன்று எண்களைக் கொடுத்தால் சரியான நாள் கிடைக்கும். திங்களைச் சுழியிலிருந்து எண்ணுவதால் மார்ச்சுக்கு 2. இதே மூன்று எண்களை ஜாவாவின் பழைய டேட்டிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அது திங்களைச் சுழியிலிருந்தே எண்ணும். ஆனால் ஆண்டு எண்ணோடு 1900-ஐக் கூட்டிக்கொள்ளும். பிள்ளை 3917-ஆம் ஆண்டில் பிறந்தவனாகிவிடுவான்! பிழை என்று கணினி ஒரு சொல்லும் சொல்லாது. இன்றைய நாளிலிருந்து கழித்தால் வயது குறையெண்ணாக வரும். ‘ஏழு வயதிற்குக் குறைந்தவரா?’ என்று வினவும் நிரல் பட்டியலிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் ‘ஆம்’ என்றே விடை தரும். கூச்சலிடும் பிழையைத் திருத்திவிடலாம். வாய்மூடி நிற்கும் பிழைதான் பதிவேட்டில் ஏறி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

இதற்குத் தீர்வு தோட்டத்து மக்கள் முன்பே கண்டதுதான்: அடைகொடுத்து அழைத்தல். வெறுமனே ‘டேட்’ என்னாது ‘ஜாவா.யூட்டில்.டேட்’ என்று முழுப்பெயரையும் எழுதினால் மயக்கத்திற்கு இடமில்லை. ஒவ்வொரு முறையும் இவ்வளவு நீளமாக எழுத அலுப்பாயிருந்தால், முழுப்பெயரை ஒருமுறை எழுதி ‘ஜாவாநாள்’ என்பதுபோல் நாமே ஒரு மாற்றுப்பெயரில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இம்முறையே மிகவும் உவப்பானது. பின்னர்ப் படிப்பவருக்கும் எந்த நாள் எந்த வீட்டது என்பது விளங்கும். ‘ஜாவாஇம்போர்ட்டர்’ என்னும் வேறொரு வசதியும் ரைனோவில் உண்டு. குறிப்பிட்ட ஒரு பத்திக்குள் மட்டும் ஜாவாப் பெயர்கள் ஆட்சி செய்யும். பத்தி முடிந்ததும் ஜாவாஸ்கிரிப்டின் பெயர்கள் திரும்பும். வசதிதான்; ஆயினும் ஒரே சொல் பத்திக்கு உள்ளே ஒன்றையும் வெளியே வேறொன்றையும் குறிப்பதால், தொடக்கநிலையினர் கையில் இதனைக் கொடுக்க நான் தயங்குவேன்.

ஜாவாவிற்குள்ளேயே இரு தொகுதிகள் மோதுவதும் உண்டு. திரைப்பட்டியல் வரைவதற்கான ‘லிஸ்ட்’ என்னும் வகுப்பு ‘ஏ.டபிள்யூ.டி.’ தொகுதியில் முதற்பதிப்பிலேயே இருந்தது. 1998-இல் வந்த 1.2 பதிப்பு, பொருள்களை வரிசைப்படுத்தி வைப்பதற்கான வேறொரு ‘லிஸ்ட்’டை ‘யூட்டில்’ தொகுதியில் புகுத்திற்று. இரு தொகுதிகளையும் ஒட்டுமொத்தமாகச் சேர்த்திருந்த நிரல்களில் லிஸ்ட் என்ற பெயர் அன்றே மயங்கிப்போயிற்று. ரைனோவில் இவ்விரண்டையும் ஒருங்கே சேர்த்து ‘லிஸ்ட்’ என்றால், எது என்று தெரியவில்லை எனப் பிழை காட்டி நின்றுவிடும். நின்றுவிடுவது நன்று.

இனி, பெயர் ஒன்றாயிருந்து இயல்பு வேறாவதையும் காணவேண்டும். ‘லெங்த்’ என்பது எழுத்துத் தொடரின் நீளத்தைக் குறிப்பது. ஜாவாஸ்கிரிப்டில் அது ஒரு பண்பு. பெயரைச் சொன்னாலே எண் கிடைக்கும். ஜாவாவின் ஸ்ட்ரிங்கிலோ அது ஒரு வினை. பின்னே அடைப்புக்குறியிட்டு ஏவினாலன்றி எண் தராது. ஜாவாவிடமிருந்து பெற்ற பெயரொன்றை ரைனோவில் வைத்துக்கொண்டு, அடைப்புக்குறியின்றி ‘நீளம் சுழியினும் மிகுதியா?’ என்று கேட்டால் எப்போதும் ‘இல்லை’ என்றே விடை வரும். ஏனெனில் அங்கே ஒப்பிடப்படுவது எண்ணன்று, வினை. பெயரிருந்தும் பெயரில்லாதவராகப் பிள்ளைகள் விடுபட்டுப்போவர். ஜாவாவிலிருந்து வந்த தொடரை முதலில் ஜாவாஸ்கிரிப்டின் ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்வதே இதற்கு மருந்து.

ஜாவாவில் ஒரே வகுப்பில் ஒரு பண்பிற்கும் ஒரு வினைக்கும் ஒரே பெயர் இருக்கலாம், குழப்பமில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பெயருக்கு ஓரிடமே. ரைனோவை இயற்றியோர் இதற்கு இரட்டை வேடமிடும் பொருள் ஒன்றை அமைத்தனர். ஏவினால் வினையாகும், மதிப்பாகப் பயன்படுத்தினால் பண்பாகும். நம் மொழியில் ‘படி’ என்னும் சொல் ஏவலில் வினையாகவும் ஏறுமிடத்தில் பெயராகவும் நிற்பது போன்றதே இது.

மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்களோடு மோதுவது மற்றொரு வகை. கோப்பினை நீக்க ஜாவாவில் ‘டெலீட்’ என்னும் வினை உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் அச்சொல் மொழிக்கே உரியது. புள்ளியின் பின்னே ஒதுக்கப்பட்ட சொற்களும் வரலாம் என 2009-இல் வெளிவந்த தரநிலையின் ஐந்தாம் பதிப்பு இசைவு தந்தது. அதற்கு முன்னர்ச் சதுர அடைப்பிற்குள் மேற்கோளிட்டு அப்பெயரை எழுதவேண்டியிருந்தது. பைத்தான் மொழியிலும் இதே தொல்லை. ஜாவாவின் ‘சிஸ்டம்.இன்’ என்பதிலுள்ள ‘இன்’ பைத்தானுக்குரிய சொல். பைத்தானையும் ஜாவாவையும் இணைக்கும் ‘ஜேபைப்’, அப்பெயரின் இறுதியில் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துவிடுகிறது. சிறு தீர்வுதான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்று குறிப்பிட வேண்டும். ரைனோவில் தொகுதியின் பெயரைப் பிழைபட எழுதினால் அது உடனே கண்டுபிடிப்பதில்லை. அப்பெயரில் ஏதோவொரு தொகுதி இருக்கும்போலும் என்று நம்பிக்கொண்டு மேலே செல்லும். அதனை வகுப்பாகப் பயன்படுத்தும் இடத்தில்தான் பிழை வெளிப்படும். 2014-இல் ஜாவாவின் எட்டாம் பதிப்போடு வந்த ‘நாஸ்ஹார்ன்’ இயக்கியில் ‘ஜாவா.டைப்’ என்னும் முறை அமைந்தது. முழுப்பெயரை மேற்கோளுக்குள் கொடுத்து வகுப்பைப் பெற்று, நாம் விரும்பிய பெயரில் வைத்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழை இருப்பின் அவ்விடத்திலேயே தெரிந்துவிடும். அந்த எட்டாம் பதிப்பிலேயே நாட்கணக்கிற்கென ‘லோக்கல்டேட்’ என்னும் புதிய வகுப்பும் வந்தது. அதன் பெயர் ஜாவாஸ்கிரிப்டின் டேட்டோடு மோதுவதில்லை. திங்களை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. 1900-ஐக் கூட்டுவதும் இல்லை. வயதுக் கணக்கிற்கு இதனையே கொள்க. 2020-இல் வந்த பதினைந்தாம் பதிப்பிலிருந்து நாஸ்ஹார்ன் ஜாவாவோடு சேர்ந்து வருவதில்லை. வேண்டுவோர் தனியே பெற்று இணைத்துக்கொள்ள வேண்டும்.