ராக்கெட் போன வழியில் சைக்கிள் சவாரி

(நமது தம்பானூர் நிருபர்)

பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து இறங்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த திருவனந்தபுரம் ஒரு மைல் சுற்றளவுதான். தம்பானூர் ரயிலடி, எதிரே பஸ் நிலையம், அப்பால் கிழக்கேகோட்டை, சாலைக் கடைத்தெரு. வேலை அங்கே, தங்கும் அறை அதன் பின்னால் ஏதாவது ஒரு சந்தில். சனிக்கிழமை இரவு ஊருக்கு வண்டி ஏறினால் திங்கள் காலை திரும்புவது. ஊருக்குப் போகாத ஞாயிறு என்றால் துணி துவைப்பது, தூங்குவது, ஒரு சினிமா. இப்படியே இருபது வருஷம் ஓட்டியவர்கள் உண்டு.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், செலவு ஒரு சாயாவும் இரண்டு தோசையும். நாலு பேராகச் சேர்ந்து சைக்கிளில் ஊர் சுற்றுவதுதான் அது.

இந்த நகரில் வார இறுதியில் சைக்கிள் கூட்டங்கள் புறப்படுவது சில ஆண்டுகளாகவே வழக்கமாகிவிட்டது. 'இண்டஸ் சைக்கிளிங் எம்பசி' என்ற அமைப்பு சைக்கிளுக்காகப் பாடுபடுகிறது. ஓட்டத் தெரியாத பெண்களுக்குக் கற்றும் கொடுக்கிறது. பெண்களுக்குச் சைக்கிள் என்றதும் நமக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வராமல் இராது. 1990-களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலாராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் பழகினார்கள். ஆகவே இந்த விஷயத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.

ஆனால் ஒன்று. தலையில் ஹெல்மெட்டும் முதுகில் தண்ணீர்ப் பையுமாக, இருபது கியர் வைத்த சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்தால் நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது பெரிய இடத்து விளையாட்டு என்று நினைப்பு. கரமனையில் இஸ்திரி போடும் சங்கரன்கோவில்காரர் ஒருவர், "அண்ணாச்சி, நான் தெனமும் சைக்கிள்லதான போறேன், அதுல என்ன தமாஷ் இருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. மூட்டையோடு போகிறவனுக்குச் சைக்கிள் ஒரு கழுதை. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே என்று அவரை இழுத்துக்கொண்டு போனோம். அவர், ரயில்வேயில் இரண்டு குமாஸ்தாக்கள், தோவாளைப் பூ விற்கும் கடையில் ஒரு பையன், ஓட்டல் சப்ளையர் ஒருவர் என்று ஆறேழு பேர் கொண்ட கூட்டம் எங்களுடையது. கியர் வைத்த வண்டி ஒன்றுதான். மற்றதெல்லாம் சாதாரண ஹீரோ, ஹெர்குலிஸ். ஒன்று அட்லஸ். (அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை மூடப்பட்டது 2020 ஜூன் 3-ஆம் தேதி. அன்றுதான் உலக சைக்கிள் தினம். விதியின் வேடிக்கை!)

ஆடு முட்டும் கடிகாரம்

தம்பானூர் ஒரு பள்ளம். நல்ல மழை ஒன்று பெய்தால் தண்ணீர் நிற்பதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். பாளையம், கேசவதாசபுரம் என்று வடக்கே போனால் மேடு. கியர் இல்லாத வண்டியை இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஆகவே சாதாரண சைக்கிள்காரர்களுக்கு உகந்த திசை மேற்கு. கடலை நோக்கிய வழி பெரும்பாலும் சமம்.

விடிவதற்கு முன்னே புறப்பட்டால் முதல் நிறுத்தம் பத்மநாப சுவாமி கோவில் முன்னால், பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே. அங்கே ஒரு பழைய மாளிகையின் முகப்பில் தாடிக்கார முகம் ஒன்று இருக்கிறது. பெயர் 'மேத்தன் மணி'. மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்கும். இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக் கடாக்கள் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டும். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துச் சரக்கு. அவர் ஆண்டது 1829 முதல் 1846 வரை. இத்தனை வயதான யந்திரம் அவ்வப்போது படுத்துக்கொள்வது இயற்கை. அன்று அது ஓடுகிறதா என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஓடினால் ஆறு மணிக்கு முன்னே போய் நின்றுகொள்ளுங்கள். இரவு முழுக்கக் கண் விழித்த லாரிக்காரரும், கோவிலுக்கு வந்த மாமியும், சைக்கிள்காரனும் ஒன்றாக அண்ணாந்து நிற்கிற இடம் அது.

அங்கிருந்து மேற்குக்கோட்டை, ஈஞ்சக்கல், வள்ளக்கடவு வழியாக சங்குமுகம். வழியில் விமான நிலையத்தின் சுவர் வரும். உலகில் எத்தனையோ விமான நிலையங்கள் உண்டு. சுவாமி ஊர்வலத்துக்காக ஓடுபாதையை மூடுகிற விமான நிலையம் இது. வருஷத்தில் இரண்டு தரம், ஆறாட்டு அன்று, பத்மநாப சுவாமி கடலுக்குப் போய்வரும் சில மணி நேரம் விமானங்கள் நிற்கின்றன. பைங்குனி, அல்பசி என்று இங்கே சொல்வது நம் பங்குனி, ஐப்பசிதான்.

சங்குமுகம் கடற்கரையில் கானாயி குஞ்ஞிராமன் செய்த கடல்கன்னி படுத்திருக்கிறாள். 87 அடி நீளம். இந்தச் சிற்பி நம் சென்னை ஓவியக் கல்லூரியில் பணிக்கரிடம் படித்தவர். இந்தக் கடலோரச் சாலையை 2021 மே மாதப் புயலில் கடல் பிய்த்துத் தின்றது. பிறகு மறுபடியும் கட்டினார்கள். இடது பக்கம் அலை, வலது பக்கம் விமானம் என்று காலை வெயில் ஏறுமுன் அதில் மிதித்துப் போவது, பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கிடைக்காத சுகம்.

வேளியில் சுற்றுலா கிராமத்தின் பொம்மை ரயில் சூரிய சக்தியில் ஓடுகிறது. 2020-ல் தொடங்கினார்கள். இரண்டரை கிலோமீட்டர் பாதை. ரயில்வேக்காரர்கள் என்பதால் எங்களில் இரண்டு பேர் அதன் தண்டவாளத்தை அளந்து பார்க்காத குறையாக நின்றுவிட்டார்கள். அவர்களைக் கிளப்புவதே பெரும்பாடு.

கேரியரில் வந்த கூம்பு

இந்தச் சவாரியின் உச்சம் தும்பா. தம்பானூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மணல், தென்னை, மீன் வலை, நீண்ட சுற்றுச்சுவர். சுவருக்கு உள்ளே விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்.

1960-களின் ஆரம்பத்தில் இது வெறும் மீனவக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அப்போது இதன் அருகில் ஓடியது. வானத்தின் மேலடுக்கை ஆராய வசதியான இடம். அதனால் சாராபாயின் கண்ணில் பட்டது. ஆனால் இடத்தில் மகதலேனா மரியாள் மாதா கோவில் இருந்தது, பிஷப்பின் வீடு இருந்தது, ஜனங்கள் இருந்தார்கள். பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் தம் ஜனங்களிடமே கேட்டு, சம்மதம் வாங்கிக் கொடுத்தார் என்று நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். குடும்பங்கள் வீட்டையும் கோவிலையும் விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போயின. மாதா கோவில் ஆபீஸ் ஆயிற்று. கலாம் அப்போது அங்கே ராக்கெட்டுகளைப் பொருத்தும் பணியிலும் பாதுகாப்பிலும் இருந்த இளம் இஞ்சினீயர்.

1963 நவம்பர் 21. மாலை நேரம். அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. அது வானத்தில் விட்ட சோடியம் ஆவி செம்மஞ்சள் மேகமாகத் தெரிந்தது.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் 1966-ல் இங்கே எடுத்த படம் ஒன்று உலகப் பிரசித்தம். ஒரு சைக்கிள். அதன் கேரியரில் ராக்கெட்டின் மூக்குக் கூம்பு. ஆட்கள் அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான் படம். வறுமையைக் காட்டுகிறது என்பார் சிலர். எளிமை என்பார் சிலர். எங்கள் இஸ்திரிக்காரர் சுவரோரம் நின்று, என் செல்போனில் இந்தப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கயிறு சரியாக் கட்டலை போலிருக்கே, அதான் ஒரு ஆள் கூடவே நடக்கிறாரு" என்றார். இருபது வருஷம் துணி மூட்டை கட்டியவர் பார்வை அது. அதன்பின் தெனமும் போகிற சைக்கிளில் என்ன தமாஷ் என்று அவர் கேட்கவில்லை.

பழைய மாதா கோவில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். பாதுகாப்புப் பகுதியாதலால் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. எந்த நாளில் அனுமதி என்று முன்கூட்டியே விசாரித்து, அடையாள அட்டையோடு போகவேண்டும்.

திரும்பும்போது சாக்கை வழி வருவது உத்தமம். 1918-ல் கொல்லத்திலிருந்து ரயில் வந்தபோது கடைசி நிலையம் சாக்கைதான். தம்பானூருக்கு வண்டி வந்தது 1931-ல். நாகர்கோவில் பாதை திறந்தது அதற்கும் வெகு பின்னால், 1979-ல். அதுவரை நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு பஸ்தான் கதி.

தெற்கே போனால்

இன்னொரு ஞாயிறுக்குத் தெற்கு வழி. புறப்படும்போதே வலியசாலையைத் தொட்டுப் போகலாம். தம்பானூரிலிருந்து நடந்தே போகிற தூரம். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் முதல் வெற்றியாகச் சொல்லும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அங்கே சோழன் 'கலம் அறுத்தான்' என்கிறார்களே, அந்தக் கலம் கப்பலா, சோறு உண்ணும் பாத்திரமா என்று புலவர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஓட்டல் சப்ளையர் பாத்திரம் என்ற கட்சி.

பிறகு மணக்காடு, திருவல்லம், கோவளம் வழியாக விழிஞம். பதினாறு கிலோமீட்டர் இருக்கும். கோவளம் பக்கம் ஏற்றமும் உண்டு. அங்கே ஒரு பாறையைக் குடைந்து சின்னக் குகைக்கோவில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் இரண்டு பக்கமும் சிவன் உருவங்கள், பாதி செதுக்கியபடியே நிற்கின்றன. சிற்பி உளியை ஏன் கீழே வைத்தான் என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆய் மன்னர்களின் துறைமுகம் இது. பாண்டியன் நெடுஞ்சடையன் இதைப் பிடித்ததைச் செப்பேடு பேசுகிறது. அதே ஊரில் 2024 ஜூலையில் முதல் பெரிய கண்டெய்னர் கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் தேதி புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குகையைப் பார்த்துவிட்டு அந்த ராட்சச கிரேன்களையும் பார்த்தால் ஆயிரத்து இருநூறு வருஷத்தை ஒரே காலையில் தாண்டியதாகிறது. கால் வலுவுள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஆழிமலையில் 58 அடி உயரச் சிவனையும் கண்டு வரலாம்.

சவாரி முடிவில் பசிக்குத் தம்பானூர் பஸ் நிலையத்தருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸே ஒரு வேடிக்கைக் கட்டடம். லாரி பேக்கர் கட்டிய செங்கல் உருளை. உள்ளே மாடிப்படியே கிடையாது. திருகாணி போலச் சுற்றிச் சுற்றி மேலே போகும் சரிவு, ஓரம் முழுக்க மேஜைகள். வேலை போன காபி போர்டு ஊழியர்களை ஏ.கே.கோபாலன் ஒன்று திரட்டிய கூட்டுறவு அது. கேரளத்தில் முதல் கடை 1958-ல் திருச்சூரில். மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக இருக்கும். பயப்படாமல் சாப்பிடலாம்.

ஆபத்தும் உண்டு

எல்லாம் இன்பமயம் என்று எழுதினால் அது பொய். இந்த நகரின் சாலைகளில் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய வழி கிடைப்பது அரிது. வார இறுதிக் கூட்டங்கள் எல்லாம் விடிவதற்கு முன்னே கிளம்புவது குளிர்ச்சிக்காக மட்டுமல்ல, வண்டிகளுக்குப் பயந்தும்தான். போன வருஷம் எங்கள் பூக்கடைப் பையன் மீது, நின்ற கார் ஒன்றின் கதவு சட்டென்று திறந்து மோதியது. மணிக்கட்டு முறிவு. கார்க்காரர் இறங்கி, சைக்கிளைப் பார்த்தார், பையனின் சட்டையைப் பார்த்தார், "நோக்கிப் போகண்டே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மாதச் சம்பளக்காரனுக்கு மருத்துவ லீவு உண்டு. தினக்கூலிக்கு ஆறு வாரம் கட்டு என்றால் ஆறு வாரம் பட்டினி. அவனுடைய அறை வாடகையை நாங்கள் பங்கு போட்டோம். ஹெல்மெட் வைத்த கியர் சைக்கிள்காரராக இருந்தால் அந்த மனிதர் 'சார்' போட்டுப் பேசியிருப்பார் என்பது என் அபிப்பிராயம். ஒரே சாலை, ஒரே இரண்டு சக்கரம். மரியாதை மட்டும் வேறு.

அதன்பின் எங்கள் கூட்டத்தில் சில சட்டங்கள். கழக்கூட்டம்–கோவளம் பைபாஸைத் தொடுவதில்லை. குறுக்கே கடப்பதோடு சரி. ஒற்றை வரிசை. பின்னால் சிவப்பு விளக்கு. நிற்கும் கார்களிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி. ஒன்பது மணிக்குள் தம்பானூர். விளக்கில்லாத சைக்கிளையும் டபுள்ஸையும் போலீஸ் பிடித்த அந்தக் காலத்தை நம் பெரியவர்கள் சபிப்பார்கள். விளக்கு விஷயத்தில் போலீஸ் சொன்னது சரிதான்.

சைக்கிள் ஊரில் சும்மா கிடக்கிறதே என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரயிலில் கொண்டு வரலாம். பெட்டிக்குள் ஏற்ற விடமாட்டார்கள். பயணச் சீட்டைக் காட்டி லக்கேஜ் ஆபீசில் புக் செய்தால் பிரேக்வானில் வரும். புறப்படும் நிலையத்தில் ஏற்றுவது நல்லது. இரண்டு நிமிஷம் மட்டும் நிற்கும் இடைநிலையங்களில் ஏற்றாமலே வண்டி போய்விடக்கூடும். பெயர், சேருமிடம், ரசீது எண் எழுதிய அட்டையைக் கம்பியில் இறுகக் கட்டுங்கள். பெடலையும் ஹேண்டில்பாரையும் சாக்கால் சுற்றிவிடுங்கள். தம்பானூரில் இறங்கியதும் ரசீதைக் காட்டி எடுத்துக்கொண்டு, முதல் வேலையாகக் காற்று அடித்துக்கொள்ளுங்கள்.