பட்டாணியின் நாக்கு

"மாமா, பட்டாணி சாப்பிட மாட்டேங்குது!"

கண்ணைத் திறந்தேன். காலை ஆறு மணி. ஹூஸ்டனில் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உடம்பு டெக்சாஸிலும் தூக்கம் சைதாப்பேட்டையிலுமாக இருந்த நேரம். எதிரே அக்கா பையன் கார்த்திக், வயசு பதினொன்று, அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறான்.

"பட்டாணியை நாமதானேடா சாப்பிடணும்? பட்டாணி எதைச் சாப்பிடும்?"

"கிரிக்கெட், மாமா. மூணு நாளா ஒரு கிரிக்கெட் கூட சாப்பிடலே."

கனவுதான் என்று முடிவு செய்து போர்வையை இழுத்தேன். அவன் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் ரூமில் நிறுத்தினான்.

வலையடித்த ஒரு கூண்டு. உள்ளே செடி. செடியில் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு பச்சோந்தி. அதுதான் பட்டாணி. கிரிக்கெட் என்பது டெண்டுல்கர் ஆடியது அல்ல. நம்ம ஊர்ச் சுவர்க்கோழிப் பூச்சி. அமெரிக்காவில் அதை டப்பாவில் போட்டு விற்கிறார்கள்!

இது நடந்தது 2023 ஜூன் மாதம். பட்டாணி 'வெயில்டு கமீலியன்' ஜாதி. பூர்வீகம் ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும். அப்போது அதற்கு வயது நாலு மாதம்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. 'உன்னால பார்த்துக்க முடியாது'ன்னு வாங்கும்போதே சொன்னார்."

நான் ஒரு பி.காம். பிராணி வைத்தியம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்குத் தணிக்கைதான். "கணக்கு ஏதாவது வச்சிருக்கியா?" என்று சும்மா கேட்டு வைத்தேன். பையன் ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். நான் ஆடிப் போய்விட்டேன். தேதிவாரியாக எழுதியிருக்கிறான்: 14, 13, 11, 8, 5, 2, 0, 0, 0. ஒவ்வொரு நாளும் பட்டாணி தின்ற பூச்சிகளின் எண்ணிக்கை! 8-க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: 'நாக்கு எட்டலை.'

அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருந்தது. பட்டாணிக்குப் பசி போகவில்லை. நாக்குதான் வேலைநிறுத்தம் செய்கிறது!

ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர்

கூண்டில் ஒரு பூச்சியை விட்டுவிட்டு செல்போனில் ஸ்லோ மோஷன் படம் எடுத்தோம். பட்டாணியின் இரண்டு கண்ணும் பூச்சியின் மேல் திரும்பின. ஆக, பார்வை சரி. உடம்பை முன்னால் சாய்த்துக் குறி பார்த்தது. ஆசையும் இருக்கிறது. வாய் திறந்தது. நாக்கின் நுனி வெளியே வந்தது... அவ்வளவுதான். உதைத்து உதைத்தும் ஸ்டார்ட் ஆகாத பழைய ஸ்கூட்டர் மாதிரி அப்படியே நின்றது. பிறகு மெள்ள உள்ளே போய்விட்டது. பூச்சி ஹாயாக நடந்து போயிற்று.

கார்த்திக் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நேரே போய் அத்தானிடம் சொன்னேன்.

"மாப்பிள்ளே, அம்பது டாலர் பிராணிக்கு இருநூறு டாலர் டாக்டரா?" என்று முனகினாரே தவிர, கார் சாவியை எடுத்தவர் அவர்தான்.

உள்ளே ஓர் உண்டிவில்

ஊர்வன பிராணிகளுக்கென்றே இருக்கும் அந்த டாக்டரம்மா, வீடியோவையும் நோட்டையும் பார்த்ததும் கார்த்திக்குக் கை கொடுத்தார். "பெரியவங்க கூட இப்படிக் கொண்டு வர்றதில்லே" என்றார். பையன் நாலு அங்குலம் வளர்ந்தான்.

பச்சோந்தியின் நாக்கு ஓர் அதிசயம். உடம்பைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் பாயும். வாய்க்குள் ஒரு குச்சி எலும்பு. அதைச் சுற்றிக் குழாய் மாதிரி தசை. இரண்டுக்கும் நடுவே உறை உறையாக இழுபடும் திசுக்கள். தசை இறுகும்போது உறைகள் உண்டிவில் ரப்பர் போல இழுபட்டு சக்தியைச் சேமிக்கும். விட்டதும்... விர்ர்ர்! நுனியில் இருக்கும் எச்சில் நம் எச்சிலைவிடச் சுமார் 400 மடங்கு கெட்டி என்று 2016-ல் அளந்திருக்கிறார்கள். ஒட்டினால் ஒட்டியதுதான்.

பாய்வதற்கு ரப்பர் உண்டு. திரும்பி வருவதற்கு? வெறும் தசைதான். 2010-ல் அமெரிக்காவின் ஆண்டர்சன், டீபன் என்ற இருவர் பட்டாணியின் ஜாதியையே 15, 25, 35 டிகிரியில் வைத்துச் சோதித்தார்கள். குளிரில் நாக்கு பாயும் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. திரும்பும் வேகம் படுத்துவிட்டது.

"அதனால, நாக்கு நல்லாப் பாய்ஞ்சு, திரும்பறப்போ மட்டும் தொங்கினா, முதல்ல தெர்மாமீட்டரைப் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. குட்டிகள் வெயில் காயும் கிளையில் 30 டிகிரி இருந்தால் போதுமாம்.

பட்டாணிக்கு அந்தத் தொல்லை இல்லை. பாய்வதே இல்லையே! ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

கண் வீங்கி மூடியிருக்கிறதா? இருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், குறி தவறும். பட்டாணிக்கு இல்லை.

கண் குழி விழுந்திருக்கிறதா, எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக இருக்கிறதா? தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பச்சோந்திக்குக் கிண்ணத்துத் தண்ணீர் தெரியாது. இலையில் சொட்டுவதைத்தான் நக்கும். கார்த்திக் சொட்டுநீர் வைத்திருந்தான். பாஸ்.

வாய்க்குள் புண், சீழ்? இல்லை. நாக்கில் காயம்? வலையிலோ ஒட்டு டேப்பிலோ நாக்கு ஒட்டி இழுபட்டால் காயமாகும். அதுவும் இல்லை.

பூச்சி பெரிதா? குட்டியின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. சரியாகத்தான் இருந்தது.

பிறகு டாக்டரம்மா பட்டாணியின் முன்னங்கையை மெதுவாகத் தொட்டுக் காட்டினார். லேசாக வில் மாதிரி வளைந்திருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எக்ஸ்-ரே எடுத்தார். எலும்புகள் வெள்ளையாகத் தெரிவதற்குப் பதில் புகை மாதிரி மங்கலாகத் தெரிந்தன.

"கால்சியம் இல்லே."

ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்த கதை

இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது.

தசை சுருங்க ரத்தத்தில் கால்சியம் வேண்டும். வரவு போதாவிட்டால் உடம்பு என்ன செய்யும்? எலும்பு என்கிற ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துச் செலவு பண்ணும். எலும்பு மெலிந்து வளையும். டெபாசிட்டும் தீர்ந்தால் தசை சோர்ந்துவிடும். நாக்கு பாயவும் தசை நன்றாக இறுக வேண்டும். அதனால் நாக்கும் கை விரித்துவிடும்.

சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் கொஞ்சம். ஆனால் குட்டிக்குத் தேவை கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. அதனால் பூச்சிக்கு முதலில் நல்ல கீரை போட்டு வளர்க்கணும். பிறகு கால்சியம் பவுடரில் புரட்டிக் கொடுக்கணும்.

"புரட்டித்தான் போடறேன்!" என்றான் கார்த்திக்.

"எப்போ போடுவே?"

"ஸ்கூலுக்குப் போறப்போ மொத்தமா."

"அது சாப்பிடறதுக்குள்ள பூச்சி தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்குமே!"

பவுடர் மொத்தமும் கூண்டின் தரையில். இது ஒரு லீக்கேஜ். ஆனால் இன்னொன்று பாக்கி. உள்ளே போகிற கால்சியத்தை உடம்பு வரவு வைக்க வைட்டமின் டி3 என்கிற கேஷியர் வேண்டும். அவர் புற ஊதா பி கதிர் இல்லாமல் சீட்டுக்கே வரமாட்டார். அதற்கென்று தனி ட்யூப் லைட் உண்டு.

"ட்யூப் வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"நாலு மாசம்" என்றான் பையன்.

"ஜோரா எரியுது டாக்டர்" என்றார் அத்தான்.

பழக்கதோஷம். வாயில் வந்துவிட்டது. "பில் எங்கேடா?"

அமைதி. அத்தான் தொண்டையைக் கனைத்தார். "அது... பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. அவர் முன்னாடி ஒரு பல்லி வளர்த்தார். சும்மா கிடக்குதேன்னு..."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த மாதிரி ட்யூப்களில் பல ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் புற ஊதா பி-யை இழந்துவிடும். வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கும். நம் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. 'ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே' என்றால் அதுவும் வீண். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும்.

"இன்னும் பத்து நாள் போயிருந்தா, நாக்கைப் பத்திப் பேசவே வேண்டியிருந்திருக்காது" என்றார்.

காரில் திரும்பும்போது கார்த்திக் பேசவில்லை. அத்தான்தான் பேசினார். "தப்பு உன்மேல இல்லேடா. முப்பது டாலரை மிச்சம் பிடிச்சது நான்." எனக்குத் தெரிந்து அத்தான் ஒரு தப்பை ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை!

ஆறு வாரம்

புது ட்யூப் வந்தது. பெட்டியில் தேதி எழுதி ஒட்டினான் பையன். டாக்டர் சொன்ன அளவில் கால்சியம் திரவம் சொட்டுச் சொட்டாக. நாக்கை வீசத் தேவையில்லாதபடி, சின்னக் கிண்ணத்தில் பூச்சி போட்டு வாய்க்குப் பக்கத்தில் பிடித்தோம். கிளைகளைத் தாழ்த்திக் கட்டினோம், பிடி நழுவி விழுந்தால் எலும்பு உடையுமே! மிச்சப் பூச்சியை ராத்திரி கூண்டில் விடவில்லை. அது பச்சோந்தியையே கடிக்கும். டி3 மருந்தை இஷ்டத்துக்குக் கொட்டவும் கூடாது, அதிகமானாலும் ஆபத்து. நாக்கு வெளியே தொங்கி உள்ளே போகவில்லை என்றால் பிடித்துத் தள்ளாதே, ஈரமாக வைத்து உடனே கொண்டு வா என்பது கண்டிப்பான உத்தரவு.

நான் சென்னை திரும்பிய பிறகு ஒருநாள் போன். "மாமா! அடிச்சுருச்சு! ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், ஆறு அங்குலம்!" கை வளைவு மட்டும் நிமிரவில்லையாம். நிமிராது என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார்.

இதைப் படித்துவிட்டு, 'நாமும் ஒன்று வளர்க்கலாமே' என்று தோப்புப் பக்கம் கிளம்பிவிடாதீர்கள். நம்ம ஊர்ப் பச்சோந்தி 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். சின்ன வயதில் 'விஷம், விஷம்' என்று கத்திக்கொண்டு நானும் அதன் மேல் கல்லெறிந்தவன்தான். அதற்கு விஷம் கிடையாது. பட்டாணியின் வாய்க்கு நேரே கிண்ணம் பிடித்தபோது அந்தக் கல்லெல்லாம் ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒரு விஷயம். போன மாதம் தீராத முதுகுவலி என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வைட்டமின் டி அதலபாதாளத்தில் இருந்தது. நாள் முழுக்க ஏ.சி. ரூமில், மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்? பட்டாணியும் நானும் ஒரே கேஸ். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கார்த்திக்கிடம் போனில் சொன்னேன். பையன் இரண்டு நிமிஷம் விடாமல் சிரித்தான். பிறகு ரொம்ப சீரியஸாகக் கேட்டான்:

"மாமா, இந்த ட்யூப் லைட்டுக்கு பில் இருக்கா?"