படச்சுருளும் வெண்திரையும்

புனே நகரிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. பால்கேயின் மௌனப் படமாகிய ‘காளிய மர்தன்’ (1919), அந்நகரிலேயே பிரபாத் கம்பெனியார் தயாரித்த ‘சந்த் துக்காராம்’ (1936), குருதத்தின் ‘காகஸ் கே ஃபூல்’ (1959) ஆகியவை அங்குப் பேணப்படுகின்றன. மூன்றும் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளில் எடுக்கப்பட்டவையே. ஆயினும் வெண்திரையில் இவை ஒரே வடிவில் தோன்றமாட்டா. காரணம் அறியாது இவற்றை ஓட்டுவோர் படத்தின் ஒரு பகுதியை இழந்துவிடுவர்.

சுருளின் இரு ஓரங்களிலும் துளைகள் உண்டு. நான்கு துளைகள் கொண்ட உயரமே ஒரு படத்திற்கு உரிய இடம். மௌனப் பட காலத்தில், இரு வரிசைத் துளைகளுக்கும் இடைப்பட்ட அகலம் முழுவதும் படத்திற்கே பயன்பட்டது. அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. அதாவது விகிதம் 1.33. பேசும் படம் வந்தபின் ஓர் ஓரத்தை ஒலித்தடம் பற்றிக்கொள்ளவே, படம் ஏறக்குறையச் சதுரமாகிவிட்டது. அது கண்ணுக்கு இனிதாக இல்லை. ஆகவே 1932-இல் அமெரிக்காவில் மேலும் கீழும் சிறிது குறைத்து, 22 மி.மீ. அகலமும் 16 மி.மீ. உயரமும் கொண்ட புதிய அளவை வகுத்தனர். இதன் விகிதம் 1.37. ‘சந்த் துக்காராம்’ இவ்வளவு வழங்கிய காலத்துப் படம்.

1953-இல் ‘தி ரோப்’ என்னும் படத்துடன் சினிமாஸ்கோப் முறை வெளிவந்தது. இம்முறையில் காமிராவின் தனி லென்ஸ் காட்சியின் அகலத்தை மட்டும் பாதியாக நெருக்கிப் பதிக்கிறது. அச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மனிதர் அனைவரும் ஒட்டடைக்கோல்போல் மெலிந்து நெடிதாகத் தோன்றுவர். புரொஜெக்டரின் லென்ஸ் அவர்களை இருமடங்கு விரித்து இயல்பான உருவினராக்கும்; திரையில் விகிதம் 2.35 ஆகும். வி. கே. மூர்த்தி ஒளிப்பதிவு செய்த ‘காகஸ் கே ஃபூல்’ இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். தமிழில் இம்முறை ‘ராஜராஜ சோழன்’ (1973) படத்துடன் தொடங்கியது.

மற்றொரு வழி சிக்கனமானது. புரொஜெக்டரின் வாயிலில் உயரம் குறைந்த துளையுடைய தகட்டைச் செருகிப் படத்தின் மேலையும் கீழையும் மறைத்துவிட்டால் 1.85 விகிதம் கிடைத்துவிடும். இத்தகட்டிற்கென்றே எடுத்த படத்திற்கு அதனால் தீங்கில்லை. 1936-ஆம் ஆண்டுப் படத்திற்கு அதைச் செருகினாலோ, உயரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துபோகும். நின்று பாடுபவருக்குத் தலையோ பாதமோ இராது. மௌனப் படத்தை ஒலிப்படத் தகட்டில் ஓட்டினால் இடது ஓரம் வெட்டுப்படும். எழுத்து அட்டைகளில் வரிதோறும் முதலெழுத்துக்கள் காணாமற்போவதே இதற்கு அடையாளம்.

பள்ளிகளில் இன்று பயன்படும் தொலைக்காட்சித் திரையின் விகிதம் 16-க்கு 9. அதனை நிரப்புவதற்காகப் பழைய படத்தை இழுத்து விரித்தால் மாந்தர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவர். இருபுறமும் கருமையாக விடுவதே முறை. படத்தில் நேர்முகமாகத் தோன்றும் வண்டிச் சக்கரத்தையோ கடிகாரத்தையோ நிறுத்திவைத்து, அடிக்கோலால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்க்கலாம். இரண்டும் ஒத்திருப்பின் வடிவம் சரியே.