ஊர்ப்பொது வரியும் அதன் வாசகமும்

வானம் பார்த்த பூமி என வழங்கும் நிலப்பரப்புகளுள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமும் ஒன்று. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெருவழியில், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே அமைந்த பந்தல்குடி இவ்வட்டாரத்து ஊர்களுள் ஒன்றாகும். வற்றாத ஆறு இங்கு இல்லை. கண்மாயும் ஊருணியும் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியுள்ளன. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் விளையும். மழை பொய்ப்பின் அவையும் பொய்க்கும். இத்தகைய நாட்டில் நிலத்தின் விளைவை மட்டும் நம்பிப் பள்ளியும் பாதையும் அமைத்தல் அரிது. ஆயினும், சந்தையும் வண்டிப்பாதையும் உள்ள இடத்தில் வாணிகம் அடியோடு நின்றுவிடுவதில்லை. ஆதலின், விற்கும் பொருளில் ஒரு சிறு பங்கினை ஒதுக்கி ஊர்ப்பொதுக் காரியங்களுக்குச் செலவிடும் வழக்கம் இப்பக்கத்தில் வேரூன்றியது.

வரி என்னும் சொல் தமிழில் இருபொருள் படும். அரசுக்கோ ஊர்க்கோ செலுத்தும் இறையும் வரி. எழுத்துகள் தொடர்ந்து நிற்கும் நிரலும் வரி. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு சொல்லளவில் முடிவதன்று. எந்த வரியும் முதலில் ஓர் எழுத்து வரியாகவே பிறக்கின்றது. யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது, எதுவரை கொடுப்பது என்பனவற்றை அவ்வெழுத்தே வரையறுக்கும். எழுத்து வரி தெளிவாயின், கொடுக்கும் வரியும் பயன் தரும். எழுத்து மயங்கின் பணமும் மயங்கும். அதனினும் பெரிதாக, ஊரார் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும் மயங்கும்.

பொதுத் தீர்மானத்தின் வாசகத்தைத் திருத்தியமைக்கும் கவலை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. முதலாவது கி. பி. 919இலும் இரண்டாவது 921இலும் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையில் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை இரண்டும் கூறுகின்றன. முதற் கல்வெட்டு உறுப்பினர்க்குரிய அகவையை முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றது. இரண்டாவது அதனை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என மாற்றி, ஓலை எடுக்கும் முறையையும் இன்னும் விரிவாக விளக்கியது. அச்சபை நிலமும் மனையும் கல்வியும் உடைய அந்தணர்க்கே உரியதாயிருந்தது. ஊரார் அனைவருக்கும் அதில் இடமில்லை. எனினும், எழுதிய விதி போதாதெனக் கண்டபொழுது, அதனை இரண்டே ஆண்டுகளில் மீண்டும் எழுதிக் கல்லில் வெட்டிய பண்பு கருதத்தக்கது.

வணிகர் தம் பொருளின்மீது தாமே வரி விதித்துக்கொண்டதற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் கி. பி. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. பல ஊர் வணிகக் குழுவினர் கூடி, விற்கும் பொருள்களுக்கு இன்ன அளவு என வகுத்து, அத்தொகையைக் கோயிற் பணிக்கு அளித்ததை அது தெரிவிக்கின்றது. 'பொருள்கள் பலவற்றிற்கும் ஓரளவு' என்று அவர்கள் பொதுப்படக் கூறி விடவில்லை. பொருளைப் பெயர் சொல்லி, சுமைக்கு ஏற்ப அளவும் குறித்தனர். பின்னாளில் எவரும் வழக்காடாதவாறு காத்தது அவ்வரையறையே.

இதே மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகமை என்னும் பெயரால் இவ்வட்டாரத்தில் தழைத்தது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர், வண்டிகளையும் சரக்குகளையும் காப்பதற்குப் பேட்டைகளை அமைத்தனர். உறவின்முறை என்னும் அமைப்பினை ஏற்படுத்தி, விற்பனையாகும் சரக்கின்மீது மகமை தண்டினர். கிணறு, கோயில், பேட்டை, பள்ளி ஆகியன அம்மகமையால் எழுந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கப்பெற்ற க்ஷத்திரிய வித்தியாசாலை அவற்றுள் புகழ்பெற்றது. இல்லந்தோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி ஒதுக்கும் பிடியரிசித் திட்டமும் அப்பள்ளிக்குத் துணை நின்றது. பின்னாளில் 1954 முதல் 1963 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராயிருந்து, ஊர்தோறும் பள்ளிகளைப் பெருக்கிய காமராசர் அப்பள்ளியில் பயின்றவரே. மகமைக்கும் ஓர் எல்லை இருந்தது. அஃது ஒரு சமூகத்தார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. வாணிகம் இல்லாத எளிய சமூகத்தார் பலர்க்கு அத்தகைய நிதியே இல்லை. பொதுப்பள்ளியை ஊர் முழுமைக்கும் உரியதாக்கும் கடமை அரசினையும் ஊராட்சியையுமே சார்ந்ததற்கு இஃது ஒரு காரணம் எனலாம்.

அறத்திற்கென ஒதுக்கிய தொகையின் வாசகம் வழக்குமன்றம் வரை சென்றதுண்டு. 1899இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஒரு மரண சாசனத்தை ஆராய்ந்தது. சொத்தினைத் 'தருமத்திற்கு' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார் அதனை ஆக்கியவர். தருமம் என்பது மிகப் பரந்த சொல். எச்செயலுக்கென உறுதி செய்ய இயலாது. ஆதலின் அக்கொடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. உயர்ந்த கருத்துடைய ஒரு சொல், வரையறையின்மையால் கொடையையே அழித்துவிட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1979இல் இந்திய உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கினைக் கேட்டது. வடநாட்டுப் பஞ்சாலை ஒன்று நூலும் பஞ்சும் விற்கையில், விலைச்சீட்டில் 'தர்மதா' எனத் தனியே குறித்து ஒரு சிறு தொகை பெற்று வந்தது. அஃது ஆலையின் வருமானமா, அன்றா என்பது வினா. வணிகர் வழக்கில் அச்சொல் அறச்செயலையே குறிக்கும். விலையோடு கலவாமல் தொடக்கம் முதலே தனியே குறிக்கப்பட்டது. ஆதலின் அஃது ஆலையின் வருமானம் ஆகாது என நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரே வேரிற் பிறந்த சொல் ஓரிடத்தில் வீழ்ந்தது, மற்றோரிடத்தில் நின்றது. இடமும் வழக்கும் குறித்த முறையும் அவ்வேறுபாட்டைச் செய்தன.

இனி, அரசு விதிக்கும் விற்பனை வரியை நோக்குவோம். இராசாசி முதலமைச்சராயிருந்த காலத்தில், மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுசெய்யும் பொருட்டு, சென்னை மாகாணத்தில் 1939இல் பொது விற்பனை வரி புகுத்தப்பட்டது. 1959இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2007இல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 சூலை முதல் நாளிலிருந்து சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தன. ஆதலின், இன்று தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி தானே விற்பனை வரி விதித்தல் இயலாது. வீட்டு வரி, தொழில் வரி போன்றனவே அதற்குரியன. ஒரு குறித்த பயனுக்கெனவே தண்டப்படும் வரிக்கு 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் நல்ல எடுத்துக்காட்டாகும். சொத்து வரியோடு சேர்த்துப் பெறப்படும் நூலக வரி நூலகங்களுக்கே உரியது.

அமெரிக்க நாட்டின் சார்சியா மாநிலத்தில் வேறொரு முறை உள்ளது. கவுண்டி எனப்படும் ஆட்சிப் பகுதியின் மக்கள் வாக்களித்து இசைந்தால், அங்கு விற்கும் பொருள்களின்மீது நூற்றுக்கு ஒன்று வீதம் தனி வரி தண்டலாம். சாலை, பாலம் முதலிய கட்டுமானங்களுக்கு 1985இலும், பள்ளிக் கட்டடங்களுக்கு 1996இல் செய்த அரசமைப்புத் திருத்தத்தாலும் இதற்கு வழி பிறந்தது. பள்ளிக்கான வரி ஒருமுறை இசைவு பெற்றால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடிக்காது. மேலும் வேண்டின் மீண்டும் மக்களைக் கேட்டல் வேண்டும். வரி எதற்கு, எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்பன வாக்குச்சீட்டின் வினாவிலேயே இடம்பெறும். வாக்காளர் பலர் சட்டத்தைப் படித்திலர்; கூட்டத்திற்கும் வந்திலர். அவர் கண்முன் நிற்பது அவ்வினா ஒன்றே. ஆதலின் அங்கு வினாவின் ஒவ்வொரு சொல்லும் பொறுப்புடையதாகின்றது.

நல்ல வினா எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைத் தமிழிலக்கணங் கொண்டே விளக்கலாம். நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுத்தார். மக்கள் கருத்தை உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்பது அறியா வினா. 'நம் குழந்தைகளின் வாழ்வைக் காக்கும் இவ்வரிக்கு இசைகின்றீரா?' என்பது வினாவின் உருவில் வந்த ஏவல். 'ஏழைகளை வாட்டும் இவ்வரிக்கு இசைகின்றீரா?' என்பதும் அத்தகையதே. முன்னது 'ஆம்' என்னும் விடையையும் பின்னது 'இல்லை' என்னும் விடையையும் தாமே சொல்லிவிடுகின்றன. வாக்குச்சீட்டில் ஏவல் வினாவுக்கு இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டினைக் கற்பனையாகக் கொள்வோம். பந்தல்குடி போன்ற ஓர் ஊரில், பள்ளிக்கு வகுப்பறை கட்டுவதற்கு வணிகர் மனமுவந்து ஒரு தொகை ஒதுக்கக் கருதுகின்றனர். ஊரார் இசைவினைப் பெற வரையும் முதல் வாசகம் இவ்வாறு இருக்கலாம்: 'பள்ளி, சாலை முதலிய பொதுநலங்களுக்காக விற்பனைப் பொருள்களின்மீது சிறு தொகை தண்டலாமா?'

இதில் குற்றங்கள் பல. 'முதலிய' என்பது இன்னும் பலவற்றைத் தழுவும் சொல். பள்ளிக்கெனப் பெற்ற பணம் திருவிழாப் பந்தலுக்கும் செல்லலாம். 'ஆகிய' என்பதோ கூறியவற்றோடு நின்றுவிடும். 'சிறு தொகை' என்பது செல்வர்க்கு ஒன்று, எளியவர்க்கு மற்றொன்று. கொடுப்பவர் விற்பவரா, வாங்குபவரா என்பது விளங்கவில்லை. விளக்காது விட்டால், மல்லி மூட்டையைத் தலைச்சுமையாகக் கொணரும் சிறு குடியானவரின் விலையிலேயே அது கழிக்கப்படும். முடியும் நாள் குறிக்கப்படவில்லை. முடிவில்லா ஒதுக்கீடு நாளடைவில் காரணம் மறந்த சுமையாகிவிடும். பள்ளி, சாலை என்னும் இரண்டும் ஒரே வினாவில் பிணைக்கப்பட்டுள்ளன. ஒன்றை வேண்டி மற்றொன்றை வேண்டாதவர் எவ்விடை கூறுவர்? இவற்றையெல்லாம் களைந்தபின் வாசகம் இவ்வாறு அமையும்:

'இவ்வூர் அரசுப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகள் கட்டுவதற்கு மட்டும், இசைந்த வணிகர் தாம் வாங்கும் பருத்தி, மல்லி, மிளகாய் ஆகிய பொருள்களில் மூட்டை ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம், விளைவித்தவரின் விலையிற் குறைக்காமல், தம் பொறுப்பில் அளிப்பதற்கும். வரும் தை முதல் நாள் தொடங்கி மூன்று ஆண்டுகள் நிறையும் நாள், 12,00,000 ரூபாய் சேரும் நாள் ஆகிய இரண்டனுள் முந்தும் நாளோடு அதனை நிறுத்துவதற்கும். கணக்கினை ஒவ்வொரு கிராம சபையிலும் படிப்பதற்கும் இசைகின்றீரா, இசையவில்லையா?'

இவ்வாசகம் முன்னதைவிட நீண்டது, ஆயினும் எளிது. பேசிக்கொள்ளும் சொற்களாலேயே ஆனது. 'இசையாதிருக்க மறுக்கின்றீரா' என்பது போன்ற இரட்டை எதிர்மறை இதில் இல்லை. 'மார்கழி வரை' என்றால் மார்கழியும் சேருமா என்னும் ஐயத்திற்கும் இடமில்லை. எழுதியவர் விளக்க வாராவிடினும், படிப்பவர் தாமே பொருள் கொள்வர். படிக்க இயலாத முதியவர்க்கு வாய்விட்டுப் படித்தாலும் கருத்துச் சிதையாது.

இத்துணைக் கவலை எதற்கென்று சிலர் வினவலாம். பள்ளிக்கென ஒதுக்கும் பணத்தால் பயன்பெறுவோர் சிறுவர்; அவர்க்கு வாக்குரிமை இல்லை. அதன் சுமை, நன்கு வரையாவிடின், மழையை நம்பி வாழும் எளிய உழவர்மேல் இறங்கும். அவர்க்குக் கூட்டத்தில் எழுந்து வாதாடும் பழக்கம் குறைவு. பேச இயலாத இவ்விரு திறத்தாரையும் காப்பது தெளிவான வாசகமே ஆகும்.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி கிராம சபைகள் கூடுகின்றன. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கோடு, உலக நீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர, இன்று ஆண்டுக்கு ஆறுமுறை கூடுதல் வழக்கமாகியுள்ளது. அங்குத் தீர்மானங்கள் படிக்கப்படும்பொழுது, 'ஆகிய' என்றனரா 'முதலிய' என்றனரா, அளவும் முடிவும் கூறினரா என்று மாணாக்கர் செவிகொடுத்துக் கேட்டல் நன்று. வகுப்பில் கற்ற இலக்கணம் தேர்வோடு முடிவதன்று; ஊரின் பொதுப்பணத்தைக் காக்கும் பூட்டும் திறவுகோலும் அதுவே.