எண்ணினால் செருப்பை எண்ணு!

முன்வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது. இதுதான் எனக்கு வந்த முதல் உத்தரவு. "பெத்தவங்க தலை தெரிஞ்சாலே அடங்குன அழுகை திரும்பக் கிளம்பிரும். நீங்க புது ஆளு வேற. பின்னாடி அடுப்படி வழியா பைய வந்துருங்க" என்று பெரிய டீச்சர் போனிலேயே சொல்லிவிட்டார். ஆகவே திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை பக்கவாட்டில் படுத்திருப்பது தெரியும் ஓர் ஊரில், பால் குடிக்க வந்த பூனை மாதிரி ஓர் அங்கன்வாடியின் அடுப்படிக்குள் நுழைந்தேன். நீங்களும் என் பின்னாலேயே வாருங்கள். தலையைக் குனிந்துகொள்ளுங்கள், நிலைப்படி தாழ்வு.

வாசல் பலகையில் 'குழந்தைகள் மையம்' என்று இருக்கிறது. ஊரில் ஒருவர்கூட அப்படிச் சொல்வதில்லை. எல்லார் வாயிலும் 'பால்வாடி'தான். பால் எங்கே என்று தேடாதீர்கள். 'பால்' என்றால் பிள்ளை, 'வாடி' என்றால் தோட்டம். 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்துப் போர்டியில் தாராபாய் மோடக் தொடங்கிய பிள்ளைத் தோட்டங்களின் பெயர் அது. அங்கிருந்து கிளம்பி மதுரைக்கு வந்து, நம் காதில் பாலாகிவிட்டது. 'அங்கன்வாடி'யில் உள்ள அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஆரம்பித்த திட்டம் கொண்டுவந்த பெயர். ஐம்பது வருடம் ஆன பிறகும் இந்த ஊர் வாயில் அந்தப் பெயர் ஏறவில்லை.

அடுப்படியில் ஆயா தக்காளி நறுக்குகிறார். வயது நாற்பத்தேழுதான். "இருபத்திரண்டு வயசுல வேலைக்கு வந்தேன். அன்னைக்கே என்னைய ஆயா ஆக்கிட்டாய்ங்க" என்று சிரிக்கிறார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது தட்டை ஏந்தி உட்கார்ந்த நாலு வயதுப் பிள்ளைகளில் இவரும் ஒருத்தி. சாப்பிட்ட இடத்திலேயே சமைக்க வந்துவிட்டார்.

நாம் பார்க்க வந்தது இவரை இல்லை. கூடத்தில், முந்தானையை ஒரு பிள்ளையும் கைப்பையை இன்னொரு பிள்ளையும் இழுக்க, நடுவில் விழி பிதுங்கி நிற்கிறாரே, அந்த 'சின்ன டீச்சர்'. வயது 29. பக்கத்து ஊர் மையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே தனியாக நிற்பதற்கு முன், இங்கே கூட இருந்து தொழில் பழகுகிறார். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், முதல் 12 மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதைத் தாண்டினால் காலமுறை ஊதியம். அதாவது ஒரு வருடம் கிட்டத்தட்ட பயிற்சிக் காலம்தான். "என் மகனை வளத்துட்டேன், இது என்ன பெரிய விசயம்னு வந்தேண்ணே. அவன் ஒருத்தன். இங்க அவனை மாதிரியே ஒரு கூட்டம் இருக்கு."

மெதுவாகக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன். என் தோளில் ஒரு பை. ஒரு வாண்டு பையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது. "ஊசி!"

அவ்வளவுதான். ஊசி போட வரும் நர்ஸம்மாவும் பையோடுதான் வருவாராம். முப்பது நொடியில் கூடம் முழுக்க ஒப்பாரி. சின்ன டீச்சர், "யாரும் அழக் கூடாது, இது ஊசி மாமா இல்ல!" என்று கத்துகிறார். அவர் கத்தக் கத்த அழுகை இன்னும் ஏறுகிறது. பெரிய டீச்சர் ஒன்றுமே சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் உள்ளங்கையைப் பார்த்து ஏதோ ரகசியம் பேச ஆரம்பித்தார். என்ன பேசுகிறார் என்று கேட்க ஒரு பிள்ளை அழுகையை நிறுத்தியது. அப்புறம் இன்னொன்று. இரண்டு நிமிடத்தில் எல்லாத் தலையும் அந்த உள்ளங்கைக்கு மேலே கவிந்துவிட்டன. "குரலை உசத்துனா அதுகளும் உசத்தும்த்தா. இறக்கிப் பாரு" என்றார், தலை நிமிராமலே. சின்ன டீச்சர் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பையைக் கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன்.

அந்த மூட்டைப் பக்கம் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெளியார் பார்க்காத இடம் இதுதான். கால் உடைந்த ஆடுகுதிரை, எண்ணெய் டின், பதிவேட்டுக் கட்டுகள், வண்ணப் பாட்டில் மூடிகள் நிறைந்த வாளி, பழைய சேலை மூட்டை. அப்புறம் இந்த மையத்தின் மிக அவசரமான பொருள், 'மாத்து ஜட்டி' டப்பா. பக்கத்தில் கத்தரித்த கல்யாணப் பத்திரிகைகள். சின்ன டீச்சர் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து அட்டைகளில் யானை, மயில், மாடு வெட்டியிருக்கிறார். திருப்பிப் பார்த்தால் யானையின் வயிற்றில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று இருக்கிறது.

பத்து மணிக்குத் தலை எண்ண வேண்டும். வருகைக் கணக்கு போனால்தான் அரிசி அளக்க முடியும். சின்ன டீச்சர் எண்ணினார்: பதினெட்டு. சரிபார்த்தார்: இருபத்தொன்று. மூன்றாம் முறை பதினாறு. ஒருவன் தூணைச் சுற்றி ஓடி இரண்டு முறை கணக்கில் வந்தான், ஒருத்தி மேசைக்கு அடியில் வரவே இல்லை. அடுப்படியிலிருந்து ஆயாவின் குரல்: "ஓடுற பிள்ளைய ஏன் எண்ணுற? கெடக்குற செருப்ப எண்ணு!"

வாசலுக்கு ஓடினோம். திண்ணையோரம் குட்டிக் குட்டிச் செருப்புகள். பூனை மூஞ்சி போட்டது, மிதித்தால் 'கீச்' என்பது, அண்ணனுடைய பழசு, இடது காலுக்கு நீலமும் வலது காலுக்குச் சிவப்புமாக ஒன்று. எண்ணினால் பதினெட்டு ஜோடி. "பதினெட்டு ஆயாம்மா!" "பத்தொன்பது. பூக்காரம்மா பேத்தி இடுப்புலயேதான் வரும், அதுக்குச் செருப்பு ஏது?" எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இந்தப் பாடம்? ஒரு பிள்ளைக்கு அரிசி 80 கிராம். பத்தொன்பதுக்கு ஒன்றரைக் கிலோவும் மேலே ஒரு சின்னப் பிடியும். ஆயா தராசைப் பார்ப்பதற்குள் கை நின்றுவிட்டது. தராசில் பார்த்தேன், சரியாக இருந்தது.

பத்தரைக்குச் சத்துமாவு. வெல்லம் கலந்தே வரும் மாவு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடித்தால் முடிந்தது. சின்ன டீச்சர் பிடித்த உருண்டைகள் தட்டில் வைத்ததும் சரிந்து மணல்மேடு ஆயின. பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம், விரலால் தொட்டு நக்கலாமே.

அடுத்து கதை நேரம். அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். பெயரைக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கிறது. சின்ன டீச்சர் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த யானைக் கதையை எடுத்தார். தும்பிக்கையாகக் கை ஆடியது, காதாக முந்தானை விரிந்தது, எல்லாம் பிரமாதம். அப்போது ஜன்னல் வழியாக மலையைக் காட்டி ஒருவன் கேட்டான்: "அந்த யானை எப்ப எந்திரிக்கும் டீச்சர்?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. சின்ன டீச்சர் மலையைப் பார்த்தார். எல்லோரும் மலையைப் பார்த்தோம். நிஜமாகவே இப்போதுதான் படுத்த மாதிரி இருந்தது. "நீங்கள்லாம் மத்தியானம் தூங்குனதும் எந்திரிச்சு வைகையில போயித் தண்ணி குடிக்கும். நீங்க முழிக்கிறதுக்குள்ள திரும்பி வந்து படுத்துரும்" என்று காப்பாற்றினார் பெரிய டீச்சர்.

பதினொன்றரைக்கு எடை போடும் படலம். தொங்கும் தராசில் கால் நுழைக்கும் துணிப் பை. அதில் உட்கார்ந்த குழந்தை காற்றில் மெல்லச் சுற்றுகிறது, முள் நடுங்குகிறது. வாசலில் ஒரு பாட்டி சண்டைக்கு நிற்கிறார்: "பச்சப் பிள்ளைய நிறுக்கக் கூடாது, கண்ணு பட்டுரும்!" பெரிய டீச்சரிடம் இதற்கும் மருந்து இருக்கிறது. எடையை வாய்விட்டுச் சொல்வதில்லை. வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்து, "பச்சையிலதான் நிக்கிறான், பாத்துக்கங்க" என்று பாட்டி கையிலேயே கொடுக்கிறார். பாட்டி அதையும் ஒரு திருஷ்டிச் சொடக்குப் போட்டுத்தான் வாங்குகிறார்.

இந்தத் தராசுக்கு மதுரை மண்ணில் ஒரு பூர்வீகம் உண்டு. இதே சாலையில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. உலக வங்கிக் கடனுதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் முதல் அடி எடுத்து வைத்தது அந்த வட்டாரத்தில்தான். மாதாமாதம் எடை போடு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சில மாதம் கூடுதல் உணவு கொடு, தேறியதும் நிறுத்து. அதுதான் அதன் சூத்திரம். அன்று கொட்டாம்பட்டித் தாய்மார்கள் பார்த்த அதே முள்ளின் நடுக்கத்தைத்தான் இன்று சின்ன டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்.

எடையை நோட்டில் எழுதினால் போதாது, போனிலும் ஏற்ற வேண்டும். சிக்னல் வேப்பமரத்தடியில்தான். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் போன், அண்ணாந்த முகம். சாலையில் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

சாப்பாடு! தக்காளிச் சோறும் முட்டையும். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு, இன்று அதில் ஒன்று. எனக்கும் வேலை கிடைத்தது: பத்தொன்பது முட்டைக்கு ஓடு உரிப்பது. நான் உரித்ததில் இரண்டு அம்மைத் தழும்போடு வந்தன. மஞ்சளை மட்டும் தின்பவன் ஒரு பக்கம், வெள்ளையை மட்டும் தின்பவள் இன்னொரு பக்கம். ஆயா அவர்கள் இருவரையும் அருகருகே உட்கார வைத்திருக்கிறார். சமாதான ஒப்பந்தம் தினமும் தானாக நிறைவேறுகிறது. சோற்றுப் பருக்கை மின்விசிறி இறக்கை வரை போயிருக்கிறது. எப்படிப் போனது என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஒரு மணிக்குப் பழைய சேலைகள் விரிந்தன. ஐந்தே நிமிடத்தில் கூடம் அடங்கியது. யானைக் கேள்வி கேட்டவன் மட்டும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஜன்னலைக் காவல் காத்தான். சின்ன டீச்சர் அவன் பக்கத்தில் சாய்ந்து முதுகைத் தட்டினார். தட்டு மெதுவானது. இன்னும் மெதுவானது. நின்றுவிட்டது. தூங்கிப்போனது டீச்சர்! அவன் எழுந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அவருக்குத் தட்டிக் கொடுக்க ஆரம்பித்தான். பெரிய டீச்சரும் ஆயாவும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எழுப்பவில்லை. பத்து நிமிடம் விட்டு வைத்தார்கள். முதல் வாரத்தில் தாங்களும் இப்படித் தூங்கியவர்கள்தானாம்.

மூன்றரைக்கு வாசலில் கூட்டம். வயல் வேலை முடித்து வந்த அம்மா, சைக்கிளில் தாத்தா, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெரியம்மா. செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கரைந்தன. சின்ன டீச்சர் இப்போது தலையைப் பார்க்கவே இல்லை. திண்ணையைப் பார்த்தபடி எண்ணுகிறார்: ஆறு, நாலு, ரெண்டு. பூக்காரம்மாவின் பேத்தியும் இடுப்பேறிப் போய்விட்டாள். எல்லாரும் போயாச்சு என்று நிமிர்ந்தவர் திடுக்கிட்டார். திண்ணையில் இன்னும் ஒரு ஜோடி. ரோஸ் நிறம், பூனை மூஞ்சி. ஆனால் கூடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை.

"ஆயாம்மா! கணக்கு இடிக்குதே!"

ஆயா கூடத்தைப் பார்க்கவில்லை. சின்ன டீச்சரின் காலைப் பார்த்தார். பிறகு தெருவைக் காட்டினார். அம்மாவின் விரலைப் பிடித்தபடி ஒரு சிட்டு போய்க்கொண்டிருக்கிறது. அதன் காலில் முழம் நீளப் பெரிய செருப்பு, நடைக்கு நடை 'டப்... டப்...'

"என் செருப்பு!"

"பெரிய டீச்சருக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் போச்சு. உனக்கு ரெண்டே வாரத்துல போயிருச்சு" என்றார் ஆயா, விளக்குமாற்றை எடுத்தபடி. "சேத்துக்கிட்டாய்ங்கத்தா உன்னைய."

சின்ன டீச்சர் பூனைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, சுடுகிற தெருவில் குதித்துக் குதித்து ஓடினார்.