தாளம் தப்புவது விரலா, கருவியா?

டாப்லெட் இசை விளையாட்டு பற்றி மட்டாஞ்சேரித் தமிழர்கள்

பாட்டு ஓடும். திரையின் மேலிருந்து சின்னச் சின்னக் கட்டைகள் இறங்கி வரும். அவை கீழே உள்ள கோட்டைத் தொடும் சமயம் பார்த்து விரலால் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் மதிப்பெண், தவறினால் ‘மிஸ்’. டாப்லெட்டில் ஆடும் இந்த இசை விளையாட்டு, மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி வட்டாரத்தில் நம்மவர்கள் தங்கியிருக்கும் அறைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பஜார் ரோட்டில் மிளகு, சுக்குக் கிடங்குகளில் வேலை பார்ப்பவர்கள், கடைக் குமாஸ்தாக்கள், ‘வெளி’ பகுதியில் உள்ள டோபி கானாவில் இஸ்திரி போடும் இளைஞர்கள், பள்ளிப் பிள்ளைகள் எனச் சிலரைச் சந்தித்து இதுபற்றிக் கருத்துக் கேட்டோம். பெரியவர்கள் பெயர் போட வேண்டாம் என்றார்கள். இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று ஊரில் சிரிப்பார்களாம்.

புகழ்ந்தவர்களும் உண்டு, குறை சொன்னவர்களும் உண்டு. குறைகளில் ஒன்று மட்டும் சிந்திக்க வைப்பதாக இருந்தது. எவ்வளவு கவனமாகத் தட்டினாலும் தப்பு என்றே வருகிறது, ஆகவே நமக்குத் தாள ஞானம் இல்லை போலும் என்று பலர் தாங்களாகவே முடிவு கட்டியிருக்கிறார்கள்.

கிடங்கு ஒன்றில் எடைச்சீட்டு எழுதும் அன்பர், தம் பத்து வயது மகனை மிருதங்க வகுப்பில் சேர்க்க எண்ணியிருந்தார். பையனோ டாப்லெட்டில் எளிய பாட்டுக்கே தொடர்ந்து தவறவிட்டான். இதைப் பார்த்தவர், இவனுக்கு லயம் கிடையாது, வகுப்புக்குக் கட்டும் பணம் வீண் என்று அந்த எண்ணத்தையே கைவிட்டுவிட்டார். ஒரு விளையாட்டின் தீர்ப்பை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தலாமா? விஷயத்தைச் சற்று விசாரிப்போம்.

பிறந்த கதை

இவ்வகை விளையாட்டு பெரிதாக வளர்ந்தது ஜப்பானில். 1996ல் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷனுக்காக மசாயா மட்சுரா உருவாக்கிய ‘பராப்பா தி ராப்பர்’ இதற்கு வழிகாட்டி. 1997ல் கொனாமி நிறுவனம் ‘பீட்மேனியா’வையும், 1998ல் காலால் மிதித்து ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷ’னையும் கொண்டுவந்தது. 2005ல் அமெரிக்காவில் ‘கிட்டார் ஹீரோ’ வந்தது.

தொடுதிரை போன் வந்த பிறகு தனிப் பெட்டியும் கருவியும் தேவைப்படவில்லை. 2008ல் ‘டாப் டாப் ரிவெஞ்ச்’ போனில் வந்தது. 2010ல் ஐபாட் வெளியானபோது ஸ்மூல் நிறுவனம் அதற்காக ‘மேஜிக் பியானோ’வைக் கொடுத்தது. தைவானின் ரேயார்க் நிறுவனம் 2012ல் ‘சைட்டஸ்’, 2013ல் ‘டீமோ’ ஆகியவற்றை வெளியிட்டது. 2014ல் ‘பியானோ டைல்ஸ்’ உலகெங்கும் பரவியது. நம் பிள்ளைகள் பலர் ஆடும் ‘மேஜிக் டைல்ஸ் 3’ வியட்நாம் நாட்டின் அமானோட்ஸ் நிறுவனத்தின் சரக்கு.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றில் வேறுபாடு உண்டு. ‘மேஜிக் பியானோ’ போன்றவற்றில் நம் விரல் தட்டினால்தான் ஒலி வரும். வேகம் பெரும்பாலும் நம் கையில். ‘டைல்ஸ்’ வகையில் கறுப்புக் கட்டை திரையை விட்டுப் போவதற்குள் அதைத் தொட்டால் போதும். ‘சைட்டஸ்’ வகையில் பாட்டு யாருக்காகவும் நிற்காது. ஒவ்வொரு தட்டும் சரியான கணத்தில் விழுந்ததா என்று அளந்து, பர்ஃபெக்ட், குட், பேட், மிஸ் என்று தரம் பிரிக்கும். ஒரு பாட்டைப் பிழையின்றி முடித்தால் பத்து லட்சம் மதிப்பெண். நாம் விசாரிக்கும் தகராறு இந்தக் கண்டிப்பான வகையில்தான் அதிகம்.

ஆடுவோர் சொல்வது

நாள் முழுதும் கணக்கு எழுதிய களைப்பு கால் மணி நேரத்தில் தீர்கிறது என்கிறார் ஒரு குமாஸ்தா. இதற்கு மொழி வேண்டியதில்லை என்பது இன்னொருவர் கண்ட நன்மை. அவருடைய அறையில் தமிழரும், மலையாளியும், வங்காளத்திலிருந்து வந்தவரும் இருக்கிறார்கள். பேச்சு அரைகுறையானாலும் டாப்லெட்டைக் கைமாற்றிக்கொண்டு போட்டி போடுகிறார்கள். போனைவிட டாப்லெட்டே நல்லது என்பதில் எல்லோரும் ஒரே கருத்து. போனில் இரண்டு கட்டை விரல்களுக்கே இடம் போதாது. டாப்லெட்டைத் தரையில் வைத்து இரு கை விரல்களையும் பயன்படுத்தலாம்.

குறைகளில் முதலிடம் விளம்பரத்துக்கு. ஒரு பாட்டு முடிந்தால் ஒரு விளம்பரம் என்று அலுத்துக்கொள்கிறார்கள். தமிழ்ப் பாட்டு தேடினால் கிடைப்பது அரிது என்பது அடுத்த குறை. பாட்டின் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி பெற்றுத்தான் விளையாட்டில் சேர்க்க முடியும் என்பதால், உரிமைச் சிக்கலில்லாத பழைய மேனாட்டு இசையும், விளையாட்டுக்கென்றே எழுதிய இசையுமே அதிகம் இருக்கின்றன. டாப்லெட்டில் தட்டும் ‘டக் டக்’ சத்தம் பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கத்தைக் கெடுத்துச் சண்டை வந்த அறையும் உண்டு.

அறையில் பிறர் தூங்கும்போது பாட்டைச் சத்தமாக வைக்க முடியாது. ஆகவே ப்ளூடூத் இயர்போனை மாட்டிக்கொள்கிறார்கள். தாளம் தப்புவதன் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

ஒலி வந்து சேரும் நேரம்

கம்பி போட்ட இயர்போனில் ஒலி உடனடியாகக் காதுக்கு வருகிறது. ப்ளூடூத்தில் அப்படியில்லை. டாப்லெட் முதலில் ஒலியைச் சுருக்கிப் பொட்டலம் கட்டுகிறது. பின் அலையாக அனுப்புகிறது. இயர்போன் அதைப் பிரித்து, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகே ஒலிக்கிறது. இதற்கெல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆவது சாதாரணம். சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும்.

சினிமா பார்க்கும்போது இது நமக்குத் தெரிவதில்லை. ஒலி தாமதமாகும் அளவுக்குப் படத்தையும் தாமதித்துக் காட்டி டாப்லெட் சரிக்கட்டிவிடுகிறது. விளையாட்டில் அந்த வித்தை பலிக்காது. நாம் எப்போது தட்டப் போகிறோம் என்று கருவிக்கு முன்கூட்டித் தெரியாதல்லவா!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடி. அதை நான்காகப் பிரித்துத் ‘தகதிமி’ என்று சொன்னால் ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டில் ஒரு நொடி. ப்ளூடூத் தாமதமோ ஐந்தில் ஒரு நொடி. அதாவது ‘த’வுக்குத் தட்ட வேண்டியவன், ஒலியைக் கேட்டுத் தட்டினால், ‘க’வும் கடந்த பிறகுதான் தட்டியிருப்பான். கண்டிப்பான விளையாட்டுகளில் முதல் தரம் பெற, நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் தட்டியாக வேண்டும். பிறகு எப்படித் தேறுவது?

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. பாட்டைக் கேட்காமல், இறங்கி வரும் கட்டையை மட்டும் கண்ணால் பார்த்துத் தட்டுகிறவன் ஓரளவு தப்பித்துக்கொள்கிறான். காதால் கேட்டுத் தாளத்தோடு தட்டுகிறவனுக்குத்தான் ‘மிஸ்’ விழுகிறது. நல்ல காது உள்ளவனையே விளையாட்டு மக்கு என்கிறது.

மேற்சொன்ன பையனும் இரவில் ப்ளூடூத் இயர்போன் மாட்டித்தான் ஆடிவந்தான். கம்பி இயர்போன் மாட்டி அதே பாட்டை ஆடச் சொன்னபோது, தகப்பனார் பக்கத்தில் இருந்து பார்க்க, தவறுகள் வெகுவாகக் குறைந்தன. வகுப்பு விஷயத்தை மறுபடி யோசிப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

வேகம் வேறு, காலம் வேறு

மதிப்பெண் குறைந்தால் தாளம் இல்லை என்று ஆகாது என்றால், மதிப்பெண் கூடினால் தாளம் இருக்கிறது என்று ஆகுமா? அதுவும் ஆகாது.

‘டைல்ஸ்’ விளையாட்டில் ஒரு சுற்று முடிந்ததும் அதே பாட்டு இன்னும் வேகமாக ஓடும். அடுத்த சுற்றில் அதைவிட வேகம். கடைசியில் மிஞ்சுவது விரலின் சுறுசுறுப்பே. நம் சங்கீதத்தில் மேல் காலம் என்பது இதுவல்ல. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களைக் கை அதே நிதானத்தில் போட்டுக்கொண்டிருக்க, வாயில் வரும் சொல் மட்டும் இரட்டிக்கிறது. கை ஓடாமல் நிற்பதில்தான் பயிற்சி இருக்கிறது.

நாம் வாழும் கேரளத்தின் செண்டை மேளத்திலும் பார்க்கலாம். பஞ்சாரி மேளத்துக்கு ஐந்து காலங்கள். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். பிறகு 48, 24, 12, கடைசியில் 6. சுற்று குறுகக் குறுக வேகம் ஏறுகிறது. ஆனாலும் கணக்கு பிசகுவதில்லை. விருச்சிக மாத உற்சவத்தின்போது திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலுக்குப் போனால் நேரில் கேட்கலாம். கூட்டத்தில் நிற்பவர்கள் தாளத்துக்கு ஏற்பக் கையை உயர்த்தி வீசுவார்கள். அவர்களுக்கு எந்தத் திரையும் கட்டையைக் காட்டுவதில்லை; அடுத்த அடி எங்கே விழும் என்று காது சொல்கிறது.

மட்டாஞ்சேரிக்கும் இது புதிதல்ல. மெஹ்பூப் பாய் என்று எல்லோரும் அழைத்த பாடகர் எச். மெஹ்பூப் 1981ல் மறையும் வரை பாடியதும், 2018ல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயி பாடியதும் இந்த ஊரில்தான். தபேலாவைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடியக் கேட்ட பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதை டாப்லெட் கொடுத்துவிடாது. ஆனால் தாளத்தின்மேல் ஆசையைக் கிளப்பிவிட்டால் அதுவும் ஒரு நன்மையே.

பணம் பத்திரம்

இது சூதாட்டமோ என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது உண்மை. இசை விளையாட்டுகளில் பந்தயம் வைத்துப் பணம் வெல்வது கிடையாது. ஆகவே அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் விளம்பரத்தை நீக்கவும், புதுப் பாட்டுகளைத் திறக்கவும் பணம் கேட்கும். வாராவாரம் தானாகவே சந்தா பிடிக்கும் திட்டங்களும் உண்டு. தகப்பனாரின் யு.பி.ஐ. கணக்கு இணைந்த டாப்லெட்டைப் பிள்ளையிடம் கொடுக்கும்போது, பணம் செலுத்துவதற்குக் கடவுச்சொல் கட்டாயம் என்று அமைத்துவிட வேண்டும். விளையாட்டை அழித்துவிட்டால் மட்டும் சந்தா நிற்காது; சந்தாப் பகுதிக்குச் சென்று தனியே ரத்து செய்ய வேண்டும்.

செய்து பார்க்க

முதலில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, டாப்லெட்டின் ஒலிபெருக்கியிலோ கம்பி இயர்போனிலோ ஆடிப் பாருங்கள். இப்போது தவறு குறைந்தால் குற்றம் விரலில் இல்லை.

அடுத்து, விளையாட்டின் அமைப்புப் பகுதியில் ‘காலிப்ரேஷன்’ அல்லது ‘ஆஃப்செட்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதில் சீராக ‘டிக் டிக்’ என்று ஒலி வரும். கண்ணை மூடிக்கொண்டு அதற்கேற்பத் தட்டினால், எவ்வளவு தாமதம் என்று அளந்து விளையாட்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும். ப்ளூடூத்தை விட முடியாதவர்கள் அதை மாட்டிய நிலையிலேயே இதைச் செய்ய வேண்டும். இயர்போனை மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

இரவில் ஆடுபவர்கள் டாப்லெட்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் தரையில் அதிரும் சத்தம் குறையும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

பிள்ளைக்குத் தாளம் வருகிறதா என்று அறிய விரும்பும் பெற்றோருக்கு டாப்லெட்டே தேவையில்லை. தெரிந்த பாட்டு ஒன்றை நீங்கள் பாடுங்கள். பிள்ளை தொடையில் தட்டட்டும். நடுவில் நான்கு தட்டு நேரம் பாட்டை நிறுத்தி மனத்துக்குள் ஓடவிட்டு, பிறகு தொடருங்கள். பிள்ளையின் கை நிற்காமல், நீங்கள் மறுபடி எடுக்கும் இடத்தில் சரியாக வந்து விழுந்தால் வகுப்பில் சேர்க்கலாம். விழாவிட்டாலும் சேர்க்கலாம், அதைக் கற்றுக்கொடுக்கத்தானே வாத்தியார் இருக்கிறார்.